செயின் எந்தச் சக்கரத்துக்கு?

பனி என்றால் நமக்குத் தெரிந்ததெல்லாம் மார்கழி மாசம் காலை ஐந்தரை மணிக்குப் பால் பாக்கெட் வாங்கப் போகும்போது மூக்கு நுனியில் ஜில்லென்று விழுமே, அதுதான். அதற்கே நாம் மஃப்ளர் சுற்றி, மங்கி கேப் மாட்டி, ‘தலையில பனி இறங்கிடும்டா’ என்று அம்மாவிடம் திட்டு வாங்கி, இரண்டு நாள் மூக்கடைப்போடு ஆபீஸ் போகிற ஜாதி. வானத்திலிருந்து மூட்டை மூட்டையாகக் கொட்டி, முழங்கால் உயரத்துக்குக் குவிந்து, நிறுத்தி வைத்த காரை அப்படியே முழுங்குகிற சமாசாரத்துக்கும் தமிழில் அதே ‘பனி’தான். இமயமலைப் பக்கம் அதற்கு ‘பர்ஃப்’ என்று தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். மரியாதையான பெயர். கேட்டாலே கொஞ்சம் பயம் வரும். நமக்கு மொழியிலேயே எச்சரிக்கை கிடையாது.

இந்த லட்சணத்தில் 2024 டிசம்பரில் நானும் அத்தானும் ஒரு செடான் காரை எடுத்துக்கொண்டு மணாலிக்குப் போனோம்.

அத்தான் என்றால் அக்கா புருஷன். திருநெல்வேலிக்காரர். சண்டிகரில் எட்டு வருஷமாக அக்கவுண்ட்ஸ் வேலை. அந்த தீபாவளிக்குத்தான் வெள்ளை நிறத்தில் புது செடான் வாங்கியிருந்தார். மொத்தம் 60 தவணை. இரண்டு கட்டியாகிவிட்டது, பாக்கி 58. காரின் கதவை யாராவது கொஞ்சம் பலமாகச் சாத்தினால் அவர் முகத்தில் அந்த 58-ம் வரிசையாகத் தெரியும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2019-ல் ஜெராக்ஸ் கடை வைக்கிறேன் பேர்வழி என்று அத்தானிடம் நான் 40,000 ரூபாய் வாங்கியிருந்தேன். 2020-ல் உலகமே கடையை மூடியது, நானும் மூடினேன். உலகம் திறந்துவிட்டது. நான் திறக்கவில்லை. நான் பி.காம். கடன் என்பது ‘லயபிலிட்டி’ பக்கம் வரும் என்று மூணு வருஷம் சொல்லிக் கொடுத்தார்கள். அதை எப்படி அடைப்பது என்பது சிலபஸில் இல்லை. அத்தானும் இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதுதான் ஸார் கொடுமை. கேட்கிற கடன்காரரிடம் பொய் சொல்லித் தப்பிக்கலாம். கேட்காதவரிடம் என்ன சொல்வது?

சண்டிகரிலிருந்து மணாலி சுமார் 300 கிலோமீட்டர். மணாலி ஏற்கெனவே 2,000 மீட்டர் உயரத்துக்கு மேலே. ஊரே ஏதோ மாநாடு நடக்கிற மாதிரி கூட்டமாக இருந்தது. இதற்கு ஒரு காரணம் அடல் சுரங்கம். 2020 அக்டோபர் 3-ம் தேதி திறந்தது, நீளம் 9.02 கிலோமீட்டர். அதற்கு முன்னால் மணாலியைத் தாண்டி லாஹௌல் பக்கம் போக 3,978 மீட்டர் உயர ரோத்தங் கணவாய் ஒன்றுதான் வழி. குளிர்காலம் முழுக்க அது மூடிக் கிடக்கும். அப்போதெல்லாம் டிசம்பரில் யாரும் கார் ஓட்டிக்கொண்டு அந்த வழியாகப் போய்ச் சிக்கிக்கொள்ள முடியாது. இப்போது அந்த வசதி வந்துவிட்டது.

டிசம்பர் 27. சோலாங் பள்ளத்தாக்குக்குக் கிளம்பும்போது ஓட்டல்காரர், “சீக்கிரம் இறங்கிடுங்க சாப், மேகம் சரியில்லை” என்றார். அத்தான் ‘நான் பார்க்காத மேகமா’ என்கிற மாதிரி தலையை ஆட்டினார். போகிற வழியெல்லாம் கோட்டும் ரப்பர் பூட்ஸும் வாடகைக்குத் தருகிறார்கள். எனக்குக் கிடைத்த கோட்டில் முந்தைய பத்து தேனிலவு ஜோடிகளின் சென்ட் வாசனை அப்படியே இருந்தது. அக்கா பையன், ஆறு வயசுப் பொடியன், சிவப்புக் கோட்டில் காஸ் சிலிண்டர் மாதிரி உருண்டு வந்தான்.

அப்போது ஒரு பையன் தோளில் இரும்புச் சங்கிலிகளைப் போட்டுக்கொண்டு ஜன்னலைத் தட்டினான். டயரில் மாட்டுகிற செயின். வாடகை 1,000 ரூபாய். மாட்டிவிட 200 தனி.

பேரம் பேசுவது நான் உருப்படியாகக் கற்ற ஒரே கலை. 1,000-த்தை 600-க்கு இறக்கினேன். “மாட்டிவிட 200 எதுக்குத்தான்? சைக்கிள் செயின் மாட்டத் தெரியாதவங்களா நாம?” என்று அதையும் வெட்டினேன். அத்தான் என்னைப் பெருமையாகப் பார்த்தார். செயின் டிக்கிக்குள் போனது. 600 ரூபாய் மிச்சம்! அந்த 600 எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைக் கேளுங்கள்.

மத்தியானம் வரை ஆனந்தம். பொடியன் என் சட்டைக்குள் பனியைப் போட்டான். நான் அவன் சட்டைக்குள் போட்டேன். அக்கா இரண்டு பேரையும் திட்டினாள். அப்புறம் வானத்திலிருந்து பஞ்சு மாதிரி இறங்க ஆரம்பித்தது. கூட்டம் முழுக்க ‘ஓ...’வென்று கத்தியது. எல்லாரும் கையை விரித்துக்கொண்டு சினிமா கதாநாயகி மாதிரி சுற்றினார்கள். அரை மணி கழித்து சுற்றுவது நின்றது. ஒரு மணி கழித்து எல்லார் முகத்திலும் ஒரே கேள்வி. ஒன்றரை மணி கழித்து அத்தனை பேரும் ஒரே சமயத்தில் காரை ஸ்டார்ட் செய்தார்கள்.

அன்றைக்கு சோலாங்கில் மாட்டிக்கொண்டவை சுமார் 1,000 வண்டிகள். ஆட்கள் சுமார் 5,000. மறுநாள் பேப்பரில் வந்தது. இறங்குவதற்கு இருந்தது ஒரே ரோடு.

“செயினை மாட்டிருவோம் மாப்ளே” என்றார் அத்தான். விரல் விறைத்து, கொக்கி எது வளையம் எது என்று தெரியாமல் முக்கால் மணி நேரம் போராடிப் பின் சக்கரம் இரண்டிலும் மாட்டினோம். ஏன் பின் சக்கரம்? அத்தான் டிரைவிங் கற்றது அவர் அப்பாவின் அம்பாஸடரில். அம்பாஸடரில் இன்ஜின் முன்னால், இழுவை பின்னால். அந்தக் காலத்து வண்டிகள் பலதும் அப்படித்தான். இப்போது சாதாரணக் குடும்பத்து செடான்கள் பெரும்பாலும் முன் சக்கரத்தில் ஓடுகிறவை. இன்ஜின் எந்தச் சக்கரத்தைச் சுற்றுகிறதோ அதற்குத்தான் செயின். முன் சக்கரம்தான் வண்டியை இழுக்கிறது, திருப்புகிறது, பிரேக்கிலும் பெரும்பங்கு அதற்குத்தான். நாங்கள் அதை வெறுங்காலோடு விட்டுவிட்டுப் பின்னால் இருந்த சும்மா சக்கரங்களுக்குச் செருப்பு மாட்டியிருந்தோம். அந்த 200 ரூபாயைக் கொடுத்திருந்தால் அந்தப் பையன் முதல் நிமிஷத்திலேயே சொல்லியிருப்பான்.

நம் ஊர் டயரே பனிக்கு ஆகாது என்பது தனிக் கதை. வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகிப்போய்ப் பிடிமானம் குறைய ஆரம்பிக்கும். பனி விழுகிற நாடுகளில் அதற்கென்றே மிருதுவான ரப்பரில், நிறையக் கீறல் போட்ட டயர் உண்டு. ஜெர்மனியில் பனிக்காலச் சாலையில் அது இல்லாமல் ஓட்டினால் அபராதம். நாம் திருநெல்வேலி வெயிலுக்கும் மணாலிக் குளிருக்கும் ஒரே டயர். ஒரே செருப்பைக் கல்யாணத்துக்கும் கக்கூசுக்கும் போடுகிற மாதிரி.

இறக்கம் ஆரம்பித்தது.

மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விபத்து நடந்து பார்த்திருக்கிறீர்களா? நம் ஊர் விபத்துகள் ‘டமால்’ என்று முடிந்துவிடும். பயப்படக்கூட நேரம் இருக்காது. பனியில் அப்படி இல்லை. சாவகாசமாக நடக்கும். அத்தான் ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்புகிறார். கார் ‘ஆகட்டும், பார்க்கலாம்’ என்று நேராகவே போகிறது. பிரேக்கை மிதிக்கிறார். பெடல் காலடியில் ‘கடகட’வென்று நடுங்குகிறது. அது ஏ.பி.எஸ். தன் வேலையைச் செய்கிற சத்தம் என்று பின்னால்தான் தெரிந்தது. அப்போது கார் உடைந்துவிட்டது என்றே நினைத்தோம். கார் நிற்கவில்லை. இடது பக்கம் மலைச்சுவர், வலது பக்கம் பள்ளம். அந்த எட்டு, பத்து விநாடிக்குள் நான் முருகனைக் கூப்பிட்டு, இன்ஷூரன்ஸ் பாலிசி எந்தப் பீரோவில் இருக்கிறது என்று யோசித்து, ஒரு பழைய ஸ்நேகிதியையும் நினைத்து முடித்துவிட்டேன். நல்லவேளை, ரோடு மலைப்பக்கம் சாய்ந்திருந்தது. கார் மெல்ல அந்தப் பக்கமாக வழுக்கி, ஓரத்தில் குவிந்திருந்த பனிக்குள் மூக்கை நுழைத்து ‘பொத்’தென்று உட்கார்ந்தது.

“அப்பா, இன்னொரு தடவை!” என்றான் பொடியன்.

ரிவர்ஸ் போட்டு ஆக்ஸிலேட்டரை அமுக்கினார். முன் சக்கரம் ‘விர்ர்’ரென்று இருந்த இடத்திலேயே சுற்றியது. அப்படிச் சுற்றச் சுற்ற அடியிலிருக்கிற பனி உருகி, மறுபடி உறைந்து, கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அதாவது, பதற்றத்தில் நாமே நம் காலுக்குக் கீழே மொஸைக் போட்டுக்கொள்கிறோம். போதாததற்கு செடானின் வயிறு தரையிலிருந்து ஒரு ஜாண்கூட இருக்காது. பனி அதற்கு மேல் ஏறிவிட்டால் கார் வயிற்றால் படுத்துவிடும், சக்கரம் அந்தரத்தில். அதற்கப்புறம் அது கார் இல்லை, கட்டில்.

ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிக்கொண்டு வந்தது. போலீஸ்காரர் ஒருவர் டார்ச்சோடு கார் காராகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். பெண்களையும் குழந்தைகளையும் நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப்புகளில் ஏற்றிக் கீழே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். (அந்த ஜீப்புகளிலும் இரண்டு எங்கள் கண் முன்னாலேயே வழுக்கிச் சுவரில் இடித்தன. நாலு சக்கர இழுவை என்பது கிளம்புவதற்குத்தான் உதவும். நிறுத்துவதற்கு அவர்களுக்கும் நமக்கும் அதே நாலு பிரேக்தான். இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை.) அக்காவும் பொடியனும் ஏறிக்கொண்டார்கள்.

“நீங்களும் வாங்க” என்றாள் அக்கா.

“காரை விட்டுட்டா?” என்றார் அத்தான்.

“கார் எங்கேயும் போகாது. அதான் போக மாட்டேங்குதே!”

அத்தான் அசையவில்லை. 58 தவணை. “நான் காவலுக்கு இருக்கேன். மாப்ளே, நீ போ” என்றார். எனக்கும் கீழே போய்ச் சூடாக ரொட்டி சாப்பிட ஆசைதான். ஆனால் 40,000 ரூபாய் கொடுத்த மனுஷனை இருட்டில், பனியில், தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது? இருந்தேன்.

இன்ஜினை ஓட விட்டு ஹீட்டரைப் போட்டோம். ஜன்னல்களை இறுக்கமாக ஏற்றினோம். வெளியே சத்தமே இல்லாமல் கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியெல்லாம் வெள்ளை. உள்ளே இதமாக, அம்மா போர்வை மாதிரி சூடு. அத்தான் பாக்கெட்டிலிருந்து கடலை மிட்டாய் எடுத்துப் பாதி கொடுத்தார். ஊர்க் கதை, ஆபீஸ் கதை, அவர் மேனேஜர் கதை. எட்டு மணி வாக்கில் எனக்குத் தலை கனத்தது. பசி என்று நினைத்தேன். லேசாக வயிற்றைப் புரட்டியது. கடலை மிட்டாய் என்று நினைத்தேன். தூக்கம் சொக்கிக்கொண்டு வந்தது, சுகமான தூக்கம்.

“மாப்ளே...” என்றார் அத்தான், கண்ணை மூடிக்கொண்டே. “அந்த நாப்பதாயிரம் இருக்குல்லா... அதைப் பத்தி உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா...”

அவ்வளவுதான். அடுத்த வார்த்தை வரவில்லை. ‘சொல்லுங்கத்தான்’ என்று சொல்ல நினைத்தேன். நாக்கு எழும்பவில்லை. அது எனக்கு வித்தியாசமாகவும் படவில்லை. தூங்கி எழுந்து கேட்டுக்கொள்ளலாம் என்று தோன்றியது.

‘தட் தட் தட்!’

யாரோ என் பக்கத்துக் கண்ணாடியைக் கையால் அறைந்தார்கள். நான் அசைவதற்குள் கதவைப் பிடித்து இழுத்து, பனியைத் தள்ளித் திறந்துவிட்டார் ஒருவர். ஐம்பது வயசு, கம்பளித் தொப்பி, உள்ளூர் டாக்ஸி டிரைவர். “இன்ஜின் பந்த் கரோ! பந்த் கரோ!” என்று கத்திக்கொண்டே தானே கையை விட்டுச் சாவியைத் திருகினார். என்னைக் காலரைப் பிடித்து வெளியே போட்டார். அந்தப் பக்கம் போய் அத்தானை இழுத்தார். அத்தான் உடனே முழிக்கவில்லை.

ஒரு நிமிஷம் இருக்கும். கன்னத்தில் அவர் அறைந்த அறைகளை நான் எண்ணினேன். நாலு. ஐந்தாவதில் அத்தான் இருமி, பனியில் குனிந்து வாந்தி எடுத்தார். ஒருத்தர் வாந்தி எடுப்பதைப் பார்த்து நான் அழுதது அன்றைக்குத்தான்.

டிரைவர் எங்களைக் காரின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் டார்ச் அடித்துக் காட்டினார். சைலன்ஸர் குழாய் இருந்த இடமே தெரியவில்லை. பனி மூடியிருந்தது. வெளியே போக வழியில்லாத புகை, காருக்கு அடியில் தேங்கி, கிடைத்த சந்து பொந்து வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. அதிலிருக்கிற கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய நாற்காலியில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தூக்கம் என்ற வரிசையில் வேலை செய்யும். தூக்கத்துக்கு அப்புறம் வரிசை இல்லை.

பாகிஸ்தானில் மர்ரி என்று ஒரு மலை ஊர். 2022 ஜனவரி 7-ம் தேதி ராத்திரி அங்கே எங்களை மாதிரியே பனி பார்க்கப் போய்ச் சாலையில் சிக்கிக்கொண்டவர்களில் குறைந்தது 22 பேர் காருக்குள்ளேயே இறந்துபோனார்கள். குழந்தைகளும் உண்டு. குளிரும் இந்தப் புகையும்தான் காரணமாகச் சொல்லப்பட்டன. டிரைவர் அதைச் சொல்லித்தான் எங்களைத் திட்டினார். வழியில் மூடின கார் ஒவ்வொன்றையும் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே இறங்கி வருகிறாராம். எங்களுடையது எத்தனையாவது என்று அவருக்குக் கணக்கில்லை.

கார்லேயே இருந்துதான் ஆகணும் என்றால் என்ன செய்வது என்று கேட்டேன். முதலில் இறங்கிக் குழாயைச் சுற்றிப் பனியை வாரிப் போடு. காற்று அடிக்காத பக்கத்து ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கு. மணிக்குப் பத்து நிமிஷம் மட்டும் இன்ஜினை ஓட்டு. மறுபடி ஓட்டுவதற்கு முன்னால் மறுபடி இறங்கிக் குழாயைப் பார். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் தூங்காதே. விரல் விட்டுச் சொன்னார். அப்புறம் எங்கள் காரை அவரே ‘பார்க்’ செய்தார்: கியரில் போட்டார், ஹாண்ட் பிரேக்கை விடுவித்தார் (குளிரில் அது பிடித்தபடியே உறைந்துவிடுமாம்), சக்கரத்துக்குக் கல் வைத்தார், கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வைப்பர் இரண்டையும் தூக்கி நிறுத்தினார். கடைசியாகப் பின் சக்கரத்தைப் பார்த்தார். செயினைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்கு ஐந்தாவது அறையே தேவலை.

அவர் பின்னாலேயே நடந்து கீழே போனோம். பல்சான் கிராமத்தில் அவருக்குத் தெரிந்த ஒரு வீடு. நடு ஹாலில் விறகு அடுப்பு, அதன்மேல் கெட்டில். அந்த வீட்டுப் பாட்டி எங்களுக்கு டீயும் ராஜ்மா சாதமும் போட்டாள். நள்ளிரவில் அக்காவுக்கு போன் கிடைத்தது. அத்தான், “கொஞ்சம் தலைவலி, வேற ஒண்ணுமில்ல” என்றார். அக்காவுக்கு இன்றைக்கு வரை அவ்வளவுதான் தெரியும். இதைப் படித்தால் தெரிந்துவிடும்.

இரண்டாம் நாள் வானம் வெளுத்த பிறகுதான் மேலே போக முடிந்தது. போனால், ரோடு ஓரம் நெடுக வரிசையாக வெள்ளை மேடு. எல்லா மேடும் ஒரே மாதிரி. எங்கள் கார் வேறு வெள்ளை. அத்தான் ஒரு மேட்டைக் காட்டி, “இதான், எனக்குத் தெரியாதா?” என்றார். அரை மணி நேரம் இரண்டு பேரும் வாடகை மண்வெட்டியால் தோண்டினோம். உள்ளே ஹரியானா நம்பர் பிளேட் தெரிந்தது. ஓனர் ரொம்ப நன்றி சொன்னார்.

அப்புறம்தான் ரிமோட் நினைவுக்கு வந்தது. அத்தான் அமுக்கிக்கொண்டே நடக்க, ஏழெட்டு மேடு தள்ளி ஒரு மேட்டுக்குள்ளிருந்து ‘கீக்’ என்று அமுங்கிய குரல் வந்தது. திருவிழாவில் தொலைந்த பிள்ளை கிடைத்த மாதிரி ஓடினார்.

இந்தத் தடவை செயின்காரப் பையனுக்கு 200 கொடுத்தோம். முன் சக்கரத்தில் ஐந்து நிமிஷத்தில் மாட்டினான். சக்கரத்துக்கு அடியில் கால்மிதியை எடுத்துப் போட்டு, இரண்டாவது கியரில், கிளட்சை மெல்ல விட்டு வெளியே எடுத்தோம் (முதல் கியரில் இழுவை அதிகம், சக்கரம் சுற்றிவிடும்). இறக்கத்தில் முதல் கியரிலேயே போட்டு, பிரேக்கை அனேகமாகத் தொடாமல், இன்ஜினே வண்டியைப் பிடிக்கும்படி விட்டார் அத்தான். முன் காருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு லாரி நுழைகிற இடைவெளி. பின்னால் ஹாரன் அடித்தவர்களை நான் இறங்கிப் போய்க் கும்பிட்டேன். பல்சான் வரை ஒன்றேகால் மணி நேரம். அத்தான் வாழ்க்கையில் அவ்வளவு அழகாகக் கார் ஓட்டி நான் பார்த்ததில்லை.

கீழே வந்ததும் செயினைக் கழற்றிக்கொண்ட பையன் மூன்று நாள் வாடகை, ஒரு கொக்கி காணோம் என்று சேர்த்து 2,100 ரூபாய் கேட்டான். பழக்க தோஷத்தில் பேரத்துக்கு வாயைத் திறந்தேன். அத்தான் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். எண்ணிக் கொடுத்தார்.

மண்டி தாண்டும் வரை யாரும் பேசவில்லை. அக்காவும் பொடியனும் பின் சீட்டில் தூங்கிவிட்டார்கள். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கியே வைத்திருந்தோம். எனக்கு அந்தக் கேள்வி உள்ளே குடைந்துகொண்டே இருந்தது. சாகப் போகிற நேரத்தில் ஒரு மனுஷன் அந்தக் கடனைப் பற்றி என்ன சொல்ல வந்திருப்பார்? ‘விட்டுடு மாப்ளே, மனசுல வச்சுக்காதே’ என்றுதானே? வேறென்ன சொல்வார்? கேட்டே விட்டேன்.

“அத்தான், அன்னிக்கு ராத்திரி கார்ல ஏதோ சொல்ல வந்தீங்களே...”

“என்னது?”

“அந்த நாப்பதாயிரம் பத்தி...”

அத்தான் ரோட்டையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். கியரை மாற்றினார்.

“சத்தியமா ஞாபகம் இல்ல மாப்ளே” என்றார். “ஆனா நல்லவேளை ஞாபகப்படுத்தினே. எப்பத் தர்றே?”